புதிய படையின் பழைய ஆள்: ‘பாஷெஸ்கியா’ என்னும் பெயர்

முலா முஸ்தபா ஷெவ்கி பாஷெஸ்கியா. உதுமானியப் பேரரசின் மேற்கு விளிம்பில், போஸ்னியாவின் சரயேவோ நகரில் 1731-ஐ ஒட்டிப் பிறந்து 1809-ல் அங்கேயே இறந்தவர். அந்த நகரத்தின் நல்லது கெட்டதுகளை ஏறக்குறைய அரை நூற்றாண்டு எழுதிவைத்தவர். அவர் பெயரில் நான்கு சொற்கள் உள்ளன. முஸ்தபா, பெற்றோர் வைத்தது. முலா, படித்தவர் என்பதற்காக ஊர் முன்னால் சேர்த்தது. ஷெவ்கி, கவிதைக்காக அவரே சூடிக்கொண்டது. பாஷெஸ்கியா, படையில் கிடைத்தது.

நான்கில் அறிஞர் ஒருவருக்குச் சற்றும் பொருந்தாத சொல் கடைசிச் சொல்தான். ஆனால் வரலாறு அவரை அந்தச் சொல்லால்தான் அழைக்கிறது. அது எப்படி வந்தது, ஏன் நின்றது என்று பார்த்தால், அவர் எழுதிய நூலின் இயல்பும் அதிலேயே அடங்கியிருப்பது தெரியும்.

ஊர்ப்பெயர் யாருக்கு ஒட்டும்?

உதுமானியக் காலத்தில் அறிஞர்களுக்குப் பெயர் அமைந்த வழிகளை முதலில் பார்க்கலாம். மிகவும் பழகிய வழி ஊர்ப்பெயர். ஊரின் பெயரோடு ‘ஈ’ என்னும் அரபு ஈறு சேர்ந்தால் ‘அந்த ஊர்க்காரர்’ என்று பொருளாகும். நம் ஊரில் மதனி, புகாரி என்ற பெயர்கள் இப்படி வந்தவையே. ஹாஃபிஸின் பாரசீகக் கவிதைகளுக்குப் புகழ்பெற்ற உரை எழுதிய அகமது சூதி, போஸ்னியாவில் பிறந்ததால் ‘போஸ்னவி’. இப்னு அரபியின் நூலுக்கு உரை கண்ட அப்துல்லாவும் ‘போஸ்னவி’. அரசியல் அறம் பற்றி எழுதிய ஹசன் காஃபி, மத்திய போஸ்னியாவின் புருசாத்ஸ் என்ற சிற்றூரில் 1544-ல் பிறந்தவர். துருக்கியர் அந்த ஊரை ‘ஆக்ஹிசார்’, அதாவது வெள்ளைக்கோட்டை, என்று அழைத்ததால் நூல்களில் அவர் ‘ஆக்ஹிசாரி’ ஆனார். போஸ்னியர்களோ ‘புருஷ்சாக்’ என்கிறார்கள். ஒரே ஊர், ஒரே மனிதர். இரண்டு மொழியில் இரண்டு பெயர்.

உதுமானிய வரலாற்றாசிரியர்களில் முதல் வரிசையில் இருக்கும் இப்ராகிம் பெச்செவி 1572-ல் பிறந்தவர். தாய்வழியில் போஸ்னியாவின் பெருங்குடும்பமான சொகொலோவிச் குலத்தவர். ஆனால் பிறந்த ஊர் இன்றைய ஹங்கேரியிலுள்ள பேச். துருக்கியர் வாயில் அது பெச்சுய். 1543 முதல் 1686 வரை அது உதுமானியர் கையில் இருந்தது. ஊர் கைமாறிவிட்டாலும் ‘பெச்செவி’ என்ற பெயர் இன்றும் அந்த ஆட்சிக்குச் சான்று சொல்கிறது.

இந்தப் பெயர்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஊரைவிட்டுப் போனவருக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டும். போஸ்னியாவுக்குள்ளே யாரையும் ‘போஸ்னியர்’ என்று அடையாளம் சொல்லிக் கூப்பிட முடியாது, எல்லோரும் அதுதானே. இஸ்தான்புல்லின் மதரசாக்களில், அரண்மனை அலுவலகங்களில், நாலா திசையிலிருந்தும் வந்து கூடியவர்களிடையே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்லவே அந்த ஈறு தேவைப்பட்டது. ஆகவே ஊர்ப்பெயர் ஒருவகையில் பயணச் சான்றிதழ்; இந்த மனிதர் தலைநகரம் வரை போனவர் என்று சொல்கிறது.

வேறு வழிகளும் இருந்தன. விசோகோவைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் நசூக், கணிதம், வரலாறு, ஓவியம் என்று எதையும் விட்டுவைக்காதவர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அவருடைய நூல் எதுவும் இல்லை. தடியேந்தி ஆடும் ‘மத்ராக்’ என்ற போர்விளையாட்டு. ‘மத்ராக்சி நசூக்’ என்றால் மத்ராக் ஆட்டக்காரர் நசூக். செய்யும் தொழிலோ தேர்ந்த வித்தையோ பெயராவது இந்த வகை.

முஸ்தபா சரயேவோவில் பிறந்து, அங்கேயே பிழைத்து, அங்கேயே மண்ணானவர். ‘சரயேவோக்காரர்’ என்று அவரைச் சரயேவோவில் யார் கூப்பிடுவார்கள்? அவருக்கு ஊர்ப்பெயர் ஒட்டவில்லை. மத்ராக்சியைப் போலப் படைக்களத்துச் சொல் ஒன்றுதான் ஒட்டியது.

இரண்டு உயரமுள்ள ஒரு சொல்

முஸ்தபா என்பது அரபியில் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’. நபிகளின் சிறப்புப் பெயர்களில் ஒன்று. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ முஸ்தபாக்கள் இருக்கிறார்கள். போஸ்னியாவில் முஸ்தபா வீட்டுக்குள் ‘முயோ’ ஆகிவிடுவார். அங்கே சொல்லப்படும் நகைச்சுவைத் துணுக்குகளின் நிரந்தர நாயகனுக்கும் அதே பெயர்.

‘முலா’ கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய சொல். தமிழ் வாசகருக்கு முல்லா நஸ்ருதீன் வழியாகப் பழகியது. மூலம் அரபியின் ‘மவ்லா’. தலைவர், எசமானர் என்று ஒரு பொருள். விடுதலை பெற்ற அடிமை, காப்பில் இருப்பவர் என்று நேரெதிரான இன்னொரு பொருளும் அதற்குண்டு. மௌலானா, மௌலவி ஆகிய சொற்களும் அதே வேரில் கிளைத்தவை.

உதுமானிய ஆட்சியில் இந்தச் சொல் இரண்டு உயரங்களில் வாழ்ந்தது. மேல்தட்டில், பெருநகரங்களுக்கு இஸ்தான்புல்லிலிருந்து அனுப்பப்படும் உயர்நிலை காஜிகளுக்கு ‘மொல்லா’ என்று பட்டம். சரயேவோ அத்தகைய உயர் நீதிபதி அமரும் நகரங்களில் ஒன்று. ‘சரயேவோ மொல்லா’ என்றால் ஊரே எழுந்து நிற்கும் பதவி. கீழ்த்தட்டில், ஓதத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த எந்த மனிதரையும் மக்கள் ‘முலா’ என்றார்கள். நம்முடைய முஸ்தபா இந்த இரண்டாவது வகை. அவருக்கு இஸ்தான்புல் தந்த பட்டம் ஏதும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் தந்த மரியாதை இருந்தது.

புதியதும் பழையதும்

இனி கடைசிச் சொல். துருக்கியில் ‘பாஷ்’ என்றால் தலை. சரயேவோவின் பழைய வணிகப்பகுதியான பாஷ்சார்ஷியாவின் முதல் பாதியும் இதுதான்: தலைமைச் சந்தை. ‘எஸ்கி’ என்றால் பழைய; ஆளைக் குறித்தால் மூத்தவர், பழக்கப்பட்டவர். இரண்டும் சேர்ந்த ‘பாஷ்எஸ்கி’, ஜானிசாரிப் படைப்பிரிவில் மூத்த வீரர்களுக்குத் தலையான மூத்தவர்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. ஜானிசாரி என்ற சொல் துருக்கியின் ‘யெனி செரி’யிலிருந்து ஐரோப்பிய மொழிகள் வழியாகத் தேய்ந்து வந்தது. ‘யெனி’ புதிய, ‘செரி’ படை. பதினான்காம் நூற்றாண்டில் சுல்தானின் சொந்தப் படையாக உருவானபோது அது உண்மையிலேயே புதியது. முஸ்தபா காலத்தில் அதற்கு 350 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பெயரில் மட்டும் புதுமை நின்றது. அந்தப் ‘புதிய படை’க்குள் ‘தலைப்பழையவர்’ என்று ஒரு பதவி. யெனியும் எஸ்கியும் துருக்கியில் நேர் எதிர்ச்சொற்கள்; இரண்டும் ஒரே பாசறையில் குடியிருந்தன.

அந்தப் பாசறையின் பதவிச் சொற்கள் தனிச் சுவை உடையவை. பல சொற்கள் அடுக்களையிலிருந்து வந்தவை. பிரிவின் தலைவர் ‘சோர்பஜி’, அதாவது கஞ்சி வார்ப்பவர். தலைமைச் சமையற்காரர் முக்கியமான அதிகாரி. தண்ணீர் சுமப்பவர் ஒரு பதவியாளர். கூடத்துக்குத் தலைவர் ‘ஒதாபாஷி’. கொடி பிடிப்பவர் ‘பைராக்தார்’. படையின் மானம் கொடியில் இருந்ததைவிடச் சோற்றுக் கொப்பரையில் இருந்தது. கொப்பரையைக் கவிழ்த்தால் கலகம் என்று பொருள். சுல்தான்கள் அந்த ஓசைக்கு நடுங்கியிருக்கிறார்கள்.

இத்தகைய படைச் சொற்கள் போஸ்னியாவில் குடும்பப் பெயர்களாக இன்றும் உயிரோடு உள்ளன. ஒதொபாஷிச், பைராக்தாரெவிச், அலாய்பெகொவிச் எல்லாம் படைப்பதவியோடு, ‘இன்னாரின் வழிவந்தவர்’ என்ற பொருள் தரும் ‘இச்’ ஈறு சேர்ந்தவை. சண்டை போட்ட மூதாதை யார் என்பது மறந்துபோயிருக்கும். பதவி மட்டும் பெயரில் உட்கார்ந்திருக்கும்.

நூல் எழுதுகிற முஸ்தபாவுக்குப் படையில் என்ன வேலை? பதினெட்டாம் நூற்றாண்டுச் சரயேவோவைத் தெரிந்துகொண்டால் இந்த வியப்பு அடங்கும். அதற்குள் ஜானிசாரிகள் பாசறையில் மணமின்றி வாழ்ந்த பழைய அடிமை வீரர்களாக இல்லை. சேணம் தைப்பவர், தோல் பதனிடுபவர், செம்பு அடிப்பவர் என்று ஊரின் கைவினைஞர்களில் பெரும்பகுதியினர் படைப்பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிச் சலுகை கிடைத்தது. வழக்கென்று வந்தால் பின்னால் நிற்க ஒரு கூட்டம் இருந்தது. படைப்பிரிவுகளில் ஒருவகைக்கு ‘ஜெமாஅத்’ என்றே பெயர். தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஜமாஅத்தும் அதே அரபுச் சொல்லே. இரண்டிலும் அடிப்படைப் பொருள் ‘கூடிய கூட்டம்’. பட்டறையும் படையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த அந்த ஊரில் பாஷ்எஸ்கி என்பது போர்க்களத்துப் பதவியாக இருந்ததைவிடத் தெருவில் மதிப்புத் தரும் அடையாளமாகவே இருந்தது. முஸ்தபா அப்படி ஒரு பிரிவில் அந்த நிலையில் இருந்தார். பிறகு எத்தனையோ வேலை மாறினார், பெயர் மாறவில்லை.

‘யா’ எங்கிருந்து வந்தது?

துருக்கியில் ‘பாஷ்எஸ்கி’. போஸ்னியாவில் ‘பாஷெஸ்கியா’. நடுவில் முளைத்த ‘யா’ மொழி செய்த வேலை. போஸ்னிய மொழியில் ஆண்பால் பெயர்கள் பெரும்பாலும் மெய்யில் முடியும், சில ‘ஆ’விலோ ‘ஓ’விலோ முடியும். ‘இ’யில் முடியும் பெயர் அதன் வேற்றுமை உருபுகளை எளிதில் ஏற்காது. எனவே துருக்கியிலிருந்து வந்த ‘இ’ ஈற்றுச் சொற்களுக்கெல்லாம் ஒரு ‘யா’ சேர்த்து, வேற்றுமை ஏற்கும் சொல்லாக்கினார்கள். காஜியான காதி, காதியா ஆனார். மாகாண ஆளுநரான வாலி, வாலியா. தையற்காரரான தெர்சி, தெர்சியா. உருதுவின் ‘தர்ஜி’யும் இந்தத் தெர்சியும் ஒரே பாரசீகத் தாயின் பிள்ளைகள். பேரறிஞர் பெச்செவியும் தப்பவில்லை. போஸ்னியாவில் அவர் ‘பெச்செவியா’.

போஸ்னியச் சொற்களில் ‘இயா’ ஈற்றைக் கண்டால் எல்லாவற்றையும் ஒரே வகையாக எண்ணிவிடக் கூடாது. தொழில் குறிக்கும் துருக்கி ஈறான ‘ஜி’யும் அங்கே ‘ஜியா’ ஆகும்: கொப்பரை செய்பவர் ‘கசான்ஜியா’. அரபியின் ‘இய்யா’ துருக்கியில் ‘இயே’ ஆகி, போஸ்னியாவில் ‘இயா’வாக முடிந்ததும் உண்டு; ஃபெர்காத் பே கட்டிய பள்ளிவாசல் ‘ஃபெர்காதியா’ ஆனது அப்படித்தான். மூன்று வேறு ஊற்றுகள் ஒரே வாய்க்காலில் கலந்திருக்கின்றன. நம் பெயர் முதல் ஊற்றைச் சேர்ந்தது.

இந்தச் சிறு ‘யா’வை லத்தீன் எழுத்தில் j கொண்டு எழுதுவதால், ஆங்கில வழியில் படிப்பவர்கள் ‘பசெஸ்கிஜா’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. போஸ்னிய எழுத்துமுறையில் அந்த எழுத்துக்கு ‘ய’ ஒலி.

இன்று சரயேவோவின் நடுவே, சந்தைப் பகுதியை நோக்கிப் போகும் பெருந்தெரு அவர் பெயரைத் தாங்குகிறது. பலகையில் ‘முலா முஸ்தஃபெ பாஷெஸ்கியெ’ என்று இருக்கும். முஸ்தபாவும் பாஷெஸ்கியாவும் ஆறாம் வேற்றுமை ஏற்றுத் திரிந்திருக்கின்றன. முன்னால் நிற்கும் முலா மட்டும் திரியாமல் நிற்கிறது. மரியாதைச் சொல் அடைமொழியாகவே நின்றுவிட்டது. படைப்பதவியோ வேற்றுமை ஏற்கும் முழுப்பெயராகிவிட்டது. எது ஒட்டு, எது பெயர் என்பதை இலக்கணமே தீர்த்துவைத்திருக்கிறது.

கத்தீப் காத்திப் ஆனார்

அவர் வாழ்க்கையின் அடுத்த படிகளும் சொற்களோடு பிணைந்தவை. 1757-ல் ஃபெர்காதியா பள்ளிவாசலை ஒட்டிய மக்தபில் ஆசிரியரானார். மக்தப் என்றால் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு விளக்கம் வேண்டாம். குழந்தைகள் ஓதக் கற்கும் பள்ளி. 1759-ல் புசாஜி ஹாஜி ஹசன் பள்ளிவாசலில் இமாமாகவும் கத்தீபாகவும் அமர்ந்தார். 1763-லிருந்து அவர் வாழ்வின் முக்கியமான தொழில் தொடங்கியது. காஸி ஹுஸ்ரெவ் பே பள்ளிவாசலுக்கு அருகே, மணிக்கூண்டின் நிழலில் சிறு கடை போட்டு எழுத்தரானார்.

கத்தீப், வெள்ளிக்கிழமைப் பேருரை நிகழ்த்துபவர். காத்திப், எழுதுபவர். அரபியில் இரண்டும் வேறுவேறு வேர், முதலெழுத்தும் வேறு. கத்தீபாக இருந்தபோது கேட்கிற கூட்டத்துக்குப் பேசினார். காத்திபான பிறகு பேசுகிற கூட்டத்துக்கு எழுதினார். எழுதத் தெரியாதவர்களின் கடிதங்கள், அதிகாரிகளுக்கான மனுக்கள், கொடுக்கல் வாங்கல் சீட்டுகள் எல்லாம் அவர் பலகைக்கு வந்தன. யார் யாருக்குக் கடன், யார் வீட்டில் வழக்கு, யார் எந்தத் தெருவில் எந்தப் பெயரால் அறியப்படுகிறார் என்பதெல்லாம் அந்தத் தொழிலில் தானாகவே தெரியவரும். ஒரு மனுவில் ‘முஸ்தபா’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ஊரில் ஆயிரம் முஸ்தபாக்கள். எந்த முஸ்தபா என்பதைச் சொல்ல அவனுடைய தொழிலோ தந்தையோ பட்டப்பெயரோ வேண்டும். ஆக, சரியான பெயரைப் பிடிப்பதே அவருடைய பிழைப்பு.

கவிஞராக அவர் சூடிக்கொண்ட ‘ஷெவ்கி’யின் வேர் அரபியின் ‘ஷவ்க்’: ஏக்கம், தீராத நாட்டம். சூஃபிகளின் சொற்களில் அது இறைவனை நோக்கிய தவிப்பு. இதே சொல் பாரசீகம் வழியாக உருதுவுக்குப் போய் ‘ஷோக்’ ஆகி, விருப்பம், பொழுதுபோக்கு, பகட்டு என்று கீழிறங்கி, கடைசியில் தமிழில் ‘சோக்கு’ என்று வந்து சேர்ந்திருக்கிறது. சரயேவோவில் ஞானியின் தவிப்பு, சென்னையில் சோக்கான சட்டை. ஒரு சொல் போகும் தூரத்துக்கு அளவில்லை. ஆனால் ஷெவ்கி என்ற பெயர் தெருவில் நிலைக்கவில்லை. தனக்குத்தானே சூடிய பெயர் ஏட்டில் நின்றது; ஊர் கூப்பிட்ட பெயரே வழக்கில் நின்றது.

பெயர்களாலான வரலாறு

1756-57 வாக்கில் அவர் குறிப்பெழுதத் தொடங்கினார். நூலில் 1746 முதல் 1804 வரையிலான நிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன. போர், காஜிகளின் வருகை, கலகம், தீ, வெள்ளம், விலைவாசி, வானிலை, தூக்குத் தண்டனை, திருமணக் கொண்டாட்டம், ஊரில் உலவிய வதந்தி எல்லாம் உண்டு. இடையிடையே புதிர்களும் பாட்டுகளும் வேடிக்கைகளும் வரும். பெச்செவி எழுதியது பேரரசின் வரலாறு. 1520 முதல் 1640 வரை சுல்தான்களும் தளபதிகளும் நடத்திய காரியங்கள். பாஷெஸ்கியா எழுதியது ஒரு கடையின் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற ஊர்.

அந்த நூலில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தோன்றுவது இறந்தவர்களின் பட்டியல். ஆண்டுதோறும் சரயேவோவில் இறந்தவர்களை அவர் வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தார். ஆயிரக்கணக்கான பெயர்கள். பாஷாக்களும் பேக்களும் மட்டும் இருந்தால் வியப்பில்லை. பாதணி தைப்பவர், பட்டு நூல் முறுக்குபவர், நாவிதர், பைத்தியமாகத் திரிந்தவர், பிச்சை எடுத்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடையாளம்: தொழில், தெரு, உடற்குறை, பழக்கம், பட்டப்பெயர். சிலருக்கு ஒரே ஒரு சொல். சிலருக்கு அவர் குணத்தை அப்படியே பிடித்த இரண்டு மூன்று வரி.

எழுத்தர் மனுவில் செய்ததையே இங்கே வரலாற்றில் செய்கிறார். ‘எந்த முஸ்தபா?’ என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. 1762-ல் மூண்ட கொள்ளைநோய் மூன்று ஆண்டுகளில் நகரில் சுமார் 15,000 பேரைக் கொண்டுபோனதாக அவர் கணக்கிட்டார். மாண்டவர்களில் மிகப்பெரும்பாலோர் ஏழைகள் என்பதையும் குறித்தார். இத்தகைய எண்ணிக்கைகளைப் பல ஆவணங்கள் தருகின்றன. எண்ணுக்குள் அடங்கிப்போயிருக்கக்கூடிய ஆட்களை ஊர் அழைத்த பெயரோடு வெளியே நிறுத்தியது அவருடைய தனி வழி.

தமக்கே ஒரு தெருப்பெயர் நிலைத்துவிட்ட மனிதர் மற்றவர்களின் தெருப்பெயரை இழிவாக எண்ணவில்லை. தலைநகரத்துப் பட்டத்தோடு வந்த ஓர் அறிஞர் ஊர்வரலாறு எழுதியிருந்தால், ‘நொண்டி இன்னார்’, ‘மீசையில்லா இன்னார்’ என்ற பெயர்களைத் திருத்தி, தந்தை பெயரோடு அரபு முறைப்படி ஒழுங்காக எழுதியிருப்பார். அந்த ஒழுங்கில் ஆள் காணாமல் போயிருப்பான்.

இந்தப் பெயர்களில் வரும் தொழில்களுள் பல சரயேவோவின் தெருக்களாக இன்றும் இருக்கின்றன. சேணக்காரர்கள் ‘சராச்சி’ தெருவில், செம்புக்கொல்லர் ‘கசான்ஜிலுக்’கில், தோலாடை தைப்போர் ‘சுர்சிலுக்’கில். தொழில்கள் பலவும் போய்விட்டன, பெயர்கள் போகவில்லை.

அவர் எழுதிய மொழி துருக்கி. ஆனால் இஸ்தான்புல்லின் அலங்காரத் துருக்கி அன்று. சரயேவோ வாய்வழக்கில் புழங்கிய துருக்கி, நடுநடுவே போஸ்னியச் சொற்கள் விரவியது. மொழியியலாளர்கள் அந்தக் காலத்துப் பேச்சுத் துருக்கியை ஆராய அவருடைய ஏட்டை நாடுவதற்குக் காரணம் இதுதான். தம் தாய்மொழியை அவர் தாழ்வாக நினைத்ததே இல்லை. போஸ்னிய மொழி அரபியைவிட வளமானது என்று வாதிட்டு, ‘போ’ என்னும் வினைக்கு அதில் 45 சொற்கள் உண்டு என்று கணக்குக் காட்டினார். முன்னொட்டுகளால் வினையை நுணுக்கமாக வேறுபடுத்தும் ஸ்லாவிய மொழிகளின் இயல்பு அது. இன்றைய மொழியியல் துறை உருவாகாத காலத்தில், காதால் மட்டும் கேட்டு ஒரு கடைக்காரர் அதைக் கண்டார்.

பதவி மறைந்தது, பெயர் நின்றது

1809-ல் அவர் இறந்தார். மகன் முஸ்தபா ஃபிராக்கியும் எழுத்துக்காரர். தந்தையின் பழக்கத்தைத் தொடர்ந்தவர். ‘ஃபிராக்’ அரபியில் பிரிவு. உருதுக் கவிஞர் ஃபிராக் கோரக்பூரி வழியாக இந்தச் சொல்லை நாமும் அறிவோம். தந்தை ஏக்கம், மகன் பிரிவு. இரண்டும் ஒரே காதல் மரபின் சொற்கள், ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை.

மகனின் காலத்தில்தான் தந்தை பெயரின் வேர் அறுந்தது. 1826 ஜூன் மாதம் இரண்டாம் மகமூது சுல்தான் ஜானிசாரிப் படையை இஸ்தான்புல்லில் பீரங்கிகொண்டு அழித்தார். போஸ்னியாவில் எதிர்ப்பு எழுந்து அடக்கப்பட்டது. கஞ்சி வார்ப்பவர், கூடத்தலைவர், தண்ணீர் சுமப்பவர், தலைப்பழையவர் என்ற பதவிகள் எல்லாம் ஒரே ஆணையில் இல்லாமல் போயின. அதற்குமுன் மூன்றாம் செலீம், தாம் உருவாக்கிய படை ஒழுங்குக்கு ‘நிசாம்-இ ஜெதீது’, புதிய ஒழுங்கு, என்று பெயரிட்டார். ஜானிசாரிகளே அதைக் கவிழ்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘புதிய’ என்ற சொல்லோடு வந்தவை மறைந்துகொண்டே இருக்க, ‘பழைய’ என்ற சொல்லைத் தாங்கிய ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது.

பாஷெஸ்கியாவின் கையெழுத்து ஏடு சரயேவோவின் காஸி ஹுஸ்ரெவ் பே நூலகத்தில் உள்ளது. 1918-ல் ரிஸா முதெரிசொவிச் அதன் பகுதிகளை வெளியிட்டார். மெக்மெத் முயெசினொவிச் செய்த விரிவான மொழிபெயர்ப்பு 1968-ல் வந்தது. முயெசினொவிச் போஸ்னியாவெங்கும் கல்லறைக் கற்களையும் கல்வெட்டுகளையும் படித்துத் தொகுத்தவர். இந்த நூலுக்கு அவர் பொருத்தமான ஆள். உயிர்க்குறிகள் இல்லாத அரபு எழுத்தில் போஸ்னியப் பட்டப்பெயரை எழுதினால், அதைப் பல விதமாக வாசிக்க முடியும். கல்லிலும் ஏட்டிலும் பெயர்களைப் பழகிய கண்தான் அதைப் பிரித்தறியும்.

பாஷெஸ்கியாவின் பெயர் தாங்கிய தெருவில்தான் மார்க்கலே சந்தை இருக்கிறது. போஸ்னியப் போரில் நகரம் முற்றுகையில் இருந்தபோது, 1994 பிப்ரவரி 5 அன்று விழுந்த குண்டில் அங்கே 68 பேர் இறந்தார்கள். இன்று அந்தச் சந்தையில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தெருவுக்குப் பெயர் வைத்தவர்கள் இதை நினைத்திருக்க முடியாது. ஆனால் இறந்தவர்களை எண்ணிக்கையாக விடாமல் பெயராக எழுதும் வழக்கம் அந்த ஊரில் எவ்வளவு பழையது என்பதை அறிய அவருடைய ஏடு உதவும்.

தமிழ் இலக்கணம் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரிக்கும். பாஷெஸ்கியா காரணப்பெயராகப் பிறந்தது. ஒரு படைப்பிரிவின் மூத்தவர் என்பது காரணம். 1826-க்குப் பின் அந்தக் காரணம் உலகத்திலிருந்தே போய்விட்டது. ஓர் இடுகுறி போல அது வெறுமனே நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லை. இன்று போஸ்னியாவில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் பாசறை நினைவு வராது. ஊரின் பெயர்களை எழுதிவைத்த மனிதர்தான் நினைவுக்கு வருவார். பழைய காரணம் உதிர்ந்த இடத்தில் புதிய காரணம் ஒன்றை அவரே எழுதிச் சேர்த்தார். சுல்தானின் படைப் பதவியில் வந்த பெயருக்கு, எழுத்தர் தந்த பொருள் நிலைத்துவிட்டது.